இரண்டு குழல், ஒரு வட்டம்

"ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கோ, அக்கா. வட்டம் முழுசாத் தெரியுதோ?"

என் தம்பி குகன் இரண்டு மணிக்கட்டுகளையும் நெல் மூட்டையில் ஊன்றி, ஒரு விளையாட்டு ரொக்கெட்டை என் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தான். அதன் முதுகில், ஒரு சாண் இடைவெளியில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு காகிதக் குழல்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் தீக்குச்சியைவிடச் சற்றே பருமன். பசை இன்னும் காயவில்லை. மேல் குழலின் வாயில் கண்ணை வைத்தால் அதனூடே கீழ்க் குழலும், அதற்கும் அப்பால் வாசல் வெளிச்சமும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் வெளிச்சம் முழு வட்டமாக நிற்கும். ஒன்று மயிரிழை விலகினாலும் வட்டத்தின் ஓரம் இருண்டுவிடும்.

நான் பார்த்தேன். கீழ் ஓரத்தில், வெட்டிப்போட்ட நகத்துண்டு போல ஒரு கறுப்பு இருந்தது.

"தெரியுது," என்றேன்.

அவன் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்தக் காலையில் மட்டும் நான்காம் தடவையாக ஒட்டியிருந்தான். மறுபடியும் பசையைச் சுரண்டி எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் அவ்வளவுதான். நான் சொன்ன பொய்கள் எதற்கும் இதைவிடப் பெரிய காரணம் இருந்ததில்லை.

கதவைப் பூட்டித் திறந்தது

நாடு திரும்பிய கதையை இந்தப் பக்கங்களில் எழுதியபோது, வந்ததும் முதலில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மண்ணைத் தொட்டு வணங்கியதாக எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மன்னாரில், உயிலங்குளத்துக்குப் பக்கத்தில் தம்பிக்குக் கிடைத்திருந்த புதிய வீட்டுக்குள் போய், அதன் கதவைப் பூட்டினேன். பிறகு திறந்தேன். மறுபடியும் பூட்டினேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமில் நான் இருபது வருடத்துக்கும் மேலாக வாழ்ந்த அறைக்குக் கதவு கிடையாது. பழைய சேலை ஒன்றை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டிருந்தோம். என் கணவர் காலமானதும் அந்தச் சேலைக்குப் பின்னால்தான். முகாம் வாசிகசாலையின் நான்கு பெட்டிப் புத்தகங்களுக்கு நான்தான் பொறுப்பு. அவற்றை வைப்பதற்கும் பூட்டுள்ள இடம் இருக்கவில்லை.

தம்பியின் கதையும் வேறல்ல. வன்னியில் அவன் போட்ட கொட்டில்களுக்குக் கணக்கில்லை. கடைசியில் தரப்பாள் கூடாரம். ஆகவே வீட்டுத்திட்டத்தில் கட்டித் தந்த அந்த இரண்டறை வீட்டில், சீமெந்துச் சுவருக்குள் பதித்த மரநிலையும் அதில் மாட்டிய கதவும் எங்கள் இருவருக்கும் உலகத்திலேயே நேரான பொருளாகத் தோன்றின. இது பிறகு எங்கள் காலை வாரிவிட்டது. அதற்கு வருகிறேன்.

பொதி

எங்கள் வீட்டில் பிள்ளைகள் மூவர். பெரியண்ணா, நான், குகன். பெரியண்ணா இளவயதிலேயே கனடாவுக்குப் போய்விட்டார். குகன் வன்னியில் உழவு இயந்திரம் திருத்துபவனாக இருந்தான். அவனுக்கும் மனைவி கலாவுக்கும் ஒரே மகள். பெயர் துளசி.

பெரியண்ணா அவளை நேரில் பார்த்ததே இல்லை. கடிதம் போய்வரக்கூடிய காலத்தில் இருவரும் எழுதிக்கொண்டார்கள். அவள் ஒருமுறை இப்படி எழுதியிருந்தாள்: பெரியப்பா, எங்கட ஊரில் மேலே எது பறந்தாலும் நாங்கள் ஒளிக்க வேண்டும். ஒளிக்கத் தேவையில்லாமல் பறக்கிற சாமான் ஏதும் அங்கே இருந்தால் அனுப்புங்கோ.

அனுப்புவதற்கு அப்போது வழி இருக்கவில்லை. பாதைகள் மூடிவிட்டன. போரின் கடைசி மாதங்களில், கடற்கரை மணலில், துளசி போய்விட்டாள். பதினொரு வயது.

செய்தி முதலில் முகாமில் இருந்த எனக்குத்தான் வந்தது. அதே வாரத்தில் பெரியண்ணாவுக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து தொலைபேசி எடுத்தார். "தம்பியாக்கள் என்ன மாதிரி?" என்று கேட்டார். "எல்லாரும் வெளியில வந்திட்டினம் அண்ணா. சுகமா இருக்கினம்," என்றேன். உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். உடம்பு தேறியது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாதங்கள் கழிந்தன. பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், கிணற்றடியில் நிற்கிறாள், காய்ச்சல், தொண்டை கட்டியிருக்கிறது. அவள் தொலைபேசிக்கு வராத காரணங்களை நான் ஒரு பாடத்திட்டம் போலத் தயாரித்து வைத்திருந்தேன்.

நான் திரும்பி வந்து சில மாதங்களில் மன்னார்த் தபால் கந்தோரில் இருந்து பொதிக்கான துண்டு வந்தது. குகனும் நானும் பஸ் ஏறிப் போனோம். பாலத்தைத் தாண்டியதும் காற்றில் உப்பு. கந்தோர் வாசலில் மூன்று கழுதைகள் வரிசையில் நிற்பவை போல நின்றன. பொதியின் மேல் பெரியண்ணாவின் சரிந்த கையெழுத்து: செல்வி துளசி குகன்.

வீடு வரும்வரை குகன் அதை மடியில் இருந்து இறக்கவில்லை.

உள்ளே ஒரு மட்டைக் குழாய், மூக்குக் கூம்பு, மெல்லிய மரத்தில் வெட்டிய நான்கு செட்டைகள், இரண்டு காகிதக் குழல்கள், ஒரு விளக்கத் தாள். சிறுவர்கள் கட்டி வானில் ஏவும் ரொக்கெட். அதை மேலே தள்ளும் மருந்துக்குழல் மட்டும் இல்லை. வெடிமருந்து தபாலில் வராது. வந்திருந்தாலும், அந்த நாட்களில் எங்கள் ஊரில் அதைக் கையால் தொட ஒருவரும் துணிந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை பறக்கவிட்டவளோ?" என்று கேட்டார். நான் குகனைப் பார்த்தேன். அவன் தலையாட்டவில்லை.

"இன்னும் இல்லை அண்ணா," என்றேன். அது ஒரு வகையில் உண்மைதான்.

தொலைபேசியை வைத்ததும் குகன் சொன்னான்: "இனிப் பொய் வேண்டாம் அக்கா. நான் இதைக் கட்டுறன். பறக்கவிடுறன். பறந்தது எண்டு பெரியண்ணாவுக்கு என்ர வாயால சொல்லிப் போட்டு, மிச்சத்தையும் சொல்லுறன்."

"முதல் மிச்சத்தைச் சொன்னால் என்ன?"

"ஏலாது. அதை மட்டும் தனியாச் சொல்ல என்னால ஏலாது."

சாய்ந்த நிலை

மருந்துக்குழலுக்குப் பதிலாக அவன் தேர்ந்தது பிளாஸ்டிக் சோடாப் போத்தல். போத்தலைத் தலைகீழாக மட்டைக் குழாயின் அடியில் பொருத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, வாயைத் தக்கையால் அடைத்து, தக்கையினூடே பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைச் செருகி, சைக்கிள் பம்பால் அடிப்பது. அமுக்கம் தாங்காமல் தக்கை கழன்றதும் தண்ணீர் கீழே பீறிட, ரொக்கெட் மேலே போகும்.

கலா அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்: "கிணத்துக் கப்பி மாட்டச் சொல்லி மூண்டு மாசம். இதுக்கு மட்டும் மனுசன் விடியமுன்னம் எழும்புது, மச்சாள்."

"கப்பி மேல போகாது," என்றான் குகன்.

"தண்ணி மேல வரும்!"

நான் திரும்பி வந்தபின் அந்த வீட்டில் கேட்ட முதல் பகிடி அது.

கடினம் முழுவதும் அந்த இரண்டு குழல்களில்தான் இருந்தது. புறப்படும் கணத்தில் ரொக்கெட்டுக்கு வேகமில்லை. வேகமில்லாதபோது செட்டைகளுக்குக் காற்றில் பிடிமானம் இல்லை. ஆகவே முதல் இரண்டு முழத்துக்கு அதை நேராக நடத்திக்கொண்டு போக ஒன்று வேண்டும். நிலத்தில் ஒரு கம்பியை நட்டு, இந்தக் குழல்களை அதில் கோர்த்துவிட்டால், கம்பி தீரும்வரை அது விலகாது. குழல்கள் கோணினால் கம்பியில் இறுகும். கொஞ்சமாக இறுகினால் எங்காவது சரிந்து பாயும். அதிகமாக இறுகினால் அசையாது.

எங்களுடையதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. போத்தல் தடிப்பு, மட்டைக் குழாய் மெல்லிசு. கீழ்க் குழல் போத்தலில், மேல் குழல் மட்டையில். மேல் குழலுக்கு அடியில் ஏதேனும் அண்டை கொடுத்தால்தான் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். குகன் ஐஸ்பழக் குச்சிகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினான். மூன்று குச்சி தாழ்வு. நான்கு குச்சி உயரம். நான்காவதை அரத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான்.

நெடுக்காகக் கோடு இழுக்க வேண்டும். உருண்டையான பொருளின் முதுகில் நேர்கோடு இழுப்பது லேசல்ல. ஒரு மூலைக்குள் அதைப் படுக்கவைத்து, மூலையின் விளிம்பையே அடிமட்டமாக்கி இழுப்பதென்று விளக்கத் தாளில் படம் போட்டிருந்தது. கதவுநிலையை அது உதாரணம் காட்டியது. நாங்கள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. எங்கள் கதவுநிலை!

அதில் வைத்து இழுத்த கோட்டில்தான் நான்கு தடவையும் ஒட்டினான். நான்காம் தடவை நான் "தெரியுது" என்றேன். பசை காயும்வரை காத்திருந்து, நனைத்த துணியால் கம்பியைத் துடைத்து, மெதுவாக இறக்கினான். மேல் குழலுக்குள் போயிற்று. கீழ்க் குழலின் வாயில் முட்டி நின்றது. தள்ளினான். நடுக்கத்தில் கை வழுகி, குழல் பிய்ந்து வந்தது.

அவன் அந்தப் பிய்ந்த குழலை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"வட்டம் தெரிஞ்சதோ, இல்லையோ?"

நான் துணியை எடுத்துக் கம்பியைத் துடைக்கத் தொடங்கினேன்.

"என்ர கைக்காகவோ பொய் சொன்னனீ?"

வந்த நாளில் இருந்து என்னை மரியாதையாகப் பன்மையில் அழைத்தவன், கோபத்தில் சின்ன வயதுத் தம்பியாகிவிட்டிருந்தான்.

"எனக்கு ஆறுதல் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கு அக்கா. கண் சரியாப் பாத்துச் சொல்ல ஒராள் போதும். இனிப் பாத்ததைச் சொல்லு. இல்லாட்டிப் பாக்காத."

நான் சத்தியம் செய்தேன்.

அன்று மத்தியானம் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது கலா தானாகவே சொன்னாள். அதுவரை நான் கேட்டதில்லை. அந்தக் கடற்கரையில் ஒரு சத்தம் வந்ததும் எல்லோரும் விழுந்தார்கள். குகனும் விழுந்தான். விழுந்துவிட்டுத்தான் துளசி நிற்கிறாள் என்று கண்டு கையை நீட்டினான். கை எட்டவில்லை. "தான் முந்தி விழுந்திட்டன் எண்டதைத்தான் மச்சாள், மனுசன் இண்டைக்கும் அரைச்சுக்கொண்டு கிடக்குது. நடுக்கம் அதுக்குப் பிறகு வந்ததுதான்."

அவள் சேலையைப் பிழிந்தாள். நான் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் எதிரெதிராக முறுக்கினோம்.

பேதுரு அண்ணையின் கண்ணாடி

நானாட்டானில் பேதுரு அண்ணை இரும்பு ஒட்டுவேலைக் கடை வைத்திருந்தார். கலப்பை, உழவு இயந்திரப் பெட்டியின் சில்லு, தண்ணீர்ப் பம்பிக் கால் எல்லாம் அவரிடம்தான் வரும். பிய்ந்த குழலையும் கம்பியையும் கொண்டு போனோம்.

"என்ன சாமான் தம்பி இது?"

"ரொக்கெட் அண்ணை."

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "அந்தச் சொல்லை என்ர கடையில சொல்லாத. இப்பத்தான் கூரை போட்டனான்."

விஷயம் விளங்கியதும் வேறு மனிதரானார். மேசைக் கண்ணாடி ஒன்றை எடுத்துத் துடைத்து, எங்கள் கம்பியை அதில் உருட்டினார். கம்பி துள்ளித் துள்ளி உருண்டது. "கேக்குதோ? டக், டக் எண்டு. வளைஞ்ச கம்பி கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும்." ஒட்டுவேலைக்குப் பாவிக்கும் நீளக் கம்பிகளில் ஒவ்வொன்றாக உருட்டினார். ஏழாவதோ எட்டாவதோ கம்பி சத்தமில்லாமல் ஓடியது.

"இதைக் கொண்டு போ. இந்த ஊரில நேரா நிக்கிறது மூண்டு. கோயில் கொடிமரம், இந்தக் கம்பி, மற்றது நான். நானும் பின்னேரம் ஆறு மணி வரைக்கும்தான்."

குகன் கதவுநிலை பற்றிச் சொன்னான். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "அட விசரா! அது பச்சை மரம். மழைக்கு ஒரு பக்கம், வெயிலுக்கு ஒரு பக்கம். திட்டத்தில கட்டின வீடு முழுக்கக் கதவு இறுகுது எண்டு சனம் என்னட்டத்தான் வருகுது. அதை வைச்சோ கோடு கீறினனீங்கள்?"

வீட்டுக்கு வந்து நிலையோரத்தில் நூல் பிடித்துப் பார்த்தோம். நடுவில் ஒரு விரல் போகும் இடைவெளி. இத்தனை மாதமும் நான் பெருமையோடு பூட்டித் திறந்த கதவு.

பிறகு மேசன்மார் செய்வதுபோலச் செய்தோம். தையல் நூலைச் சலவை நீலத்தில் தோய்த்து, கூம்பின் நுனியில் இருந்து போத்தலின் கழுத்துவரை இறுக்கிப் பிடித்து, நடுவில் சுண்டினோம். வெள்ளை மட்டையில் மெல்லிய நீலக் கோடு விழுந்தது. இரண்டு குழல்களையும் முதலில் பேதுரு அண்ணையின் கம்பியில் கோர்த்து, கம்பியோடு சேர்த்தே கோட்டில் கிடத்தி ஒட்டினான் குகன். கம்பியே அவற்றை ஒன்றுக்கொன்று நேராகப் பிடித்திருந்தது. மணிக்கட்டுகள் நெல் மூட்டையில். மூச்சை அடக்கியிருந்தான். பசை பிடித்ததும், அது முழுதாக இறுகுமுன், கம்பியைத் திருகி உருவினான்.

"பாருங்கோ."

பார்த்தேன். வட்டம். அதற்குள் முற்றத்து முருங்கையின் ஒரு சிறு துண்டு, அசைந்துகொண்டு.

"முழு வட்டம்," என்றேன். அவன் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். நம்பினான்.

அரிதாள் வயல்

எதற்கும் அனுமதி வேண்டிய காலம். கிராம அலுவலர் என் கடிதத்தை வாசித்துவிட்டுப் பேனையை மூடி வைத்தார். "ரொக்கெட் எண்ட சொல்லுக்குக் கீழ நான் கையெழுத்து வைச்சால், அக்கா, அடுத்த கிழமை என்னைத் தேடோணும். தண்ணிப் போத்தல் விளையாட்டு எண்டு எழுதுங்கோ." அப்படியே எழுதினேன்.

நெல் வெட்டிச் சூடு அடித்து முடிந்திருந்த நேரம். வயல் முழுவதும் வெட்டி மிஞ்சிய அரிதாள். காலை ஏழு மணி, காற்று இல்லை, அடித்தாளில் பனி. இராணுவ முகாமில் இருந்து பார்வைக்கு அனுப்பப்பட்ட சிப்பாய் ஒருவன் சைக்கிளைப் பிடித்தபடி வரம்பில் நின்றான். "வத்துர விதரத?" என்று கேட்டான். சிங்களத்தில், தண்ணீர் மட்டும்தானா என்று பொருள். "தண்ணி மட்டும்தான்," என்றான் குகன், போத்தலைக் குலுக்கிக் காட்டி.

கம்பியை நட்டு, குண்டுநூல் தொங்கவிட்டு நிமிர்த்தினார் பேதுரு அண்ணை. குகன் ரொக்கெட்டைக் கோர்த்து இறக்கினான். தட்டாமல், தன் பாரத்திலேயே வழுகிக் கீழே போய் இருந்தது. அவன் அதை மறுபடி உயர்த்தி, மறுபடி விட்டான். மறுபடியும் வழுகியது. அவன் முகத்தில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"அக்கா, நான் குனிஞ்சு பம்ப் அடிக்கோணும். நான் பாக்கேலாது. நீங்கள் மேல பாருங்கோ. நேரா போகுதோ எண்டதை மட்டும் பாருங்கோ."

அது ஒன்றுதான் எனக்குத் தரப்பட்ட வேலை.

பம்பின் ஒவ்வொரு அடிக்கும் போத்தலுக்குள் குமிழிகள் ஏறின. கலா சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தாள். ஊசியடியில் தண்ணீர் கசிந்தது. இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று.

தக்கை கழன்றது. ஒரு வெடிப்பு, அதன் பின்னால் நீண்ட சீறல்.

கலா விழுந்தாள். பேதுரு அண்ணை விழுந்தார். வரம்பில் நின்ற சிப்பாய் சைக்கிளோடு விழுந்தான். ஒருவரும் தீர்மானித்து விழவில்லை. முகம் மண்ணில், கை தலையில். போரின் எந்தப் பக்கத்தில் இருந்தவர்களாயினும் அதற்குள் இருந்தவர்கள் எல்லோரும் அந்த வயலில் ஒரே மாதிரிக் கிடந்தார்கள். கடலுக்கு அக்கரையில் இருபது வருடம் இருந்த நான் மட்டும் நின்றேன். என் உடம்புக்கு அந்தப் பாடம் தெரியாது.

குகன் கவிழ்ந்து கிடந்தான். அவனுடைய வலது கை தலையில் இருக்கவில்லை. பக்கவாட்டில் நீண்டு, விரல்கள் விரிந்து, உள்ளங்கை அரிதாளை அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு சிறு தலையின் உயரத்தில் தொடங்கி நிலம்வரை எதையோ அமர்த்திப் பிடித்த கை. முழுப் பலத்தோடு. நடுக்கமே இல்லாமல்.

என் முகத்தில் தண்ணீர்த் துளிகள் விழுந்தன. அவை மேலிருந்து விழுந்தன என்பது பிறகுதான் புத்தியில் பட்டது. அண்ணாந்து பார்த்தபோது வானம் வெறுமையாக இருந்தது.

அவன் தலையைத் தூக்கினான். கன்னத்தில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"நேரா போச்சுதோ அக்கா?"

பார்த்ததைச் சொல்லு, இல்லாவிட்டால் பார்க்காதே. நான் செய்த சத்தியம் நினைவில் இருந்தது.

"ஓம்," என்றேன். "கோடு கீறின மாதிரி."

பேதுரு அண்ணை எழும்பிச் சாரத்தைத் தட்டினார். "சோடாப் போத்தலுக்கு விழுந்தவன் எண்டு என்ர கல்லறையில எழுதிப் போடாதேங்கோ." கலா சிரித்தாள், சிரிப்பு நடுவில் வேறாக மாறியது. சிப்பாய் சைக்கிளை நிமிர்த்தியபடி வெட்கத்தோடு சிரித்தான். குகன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு வயலில் உட்கார்ந்திருந்தான்.

ரொக்கெட்டைப் பேதுரு அண்ணைதான் தேடி எடுத்து வந்தார். வாய்க்காலுக்குள் கிடந்ததாம். ஒரு செட்டை முறிந்து, மட்டை ஊறியிருந்தது. குழல்கள் இரண்டும் அப்படியே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை

பெரியண்ணா வழக்கமான நேரத்தில் எடுத்தார். இந்தத் தடவை குகன் பேசினான்.

"பெரியண்ணா, ரொக்கெட் பறந்தது. நேராப் போனது. அக்கா பாத்தவ." பிறகு மூச்சை இழுத்து, நிறுத்தாமல் சொல்லி முடித்தான். "துளசி பாக்கேல்லை அண்ணா. துளசி இல்லை. அந்தக் கடைசி நேரத்திலயே போயிட்டாள். நாங்கள் சொல்லேல்லை."

கலா அடுப்படி வாசலில் நின்றாள். பிறகு பெரியண்ணாவின் குரல், மிகத் தொலைவில் இருந்து வருவது போல: "எவ்வளவு உயரம் போனது?"

குகன் என்னைப் பார்த்தான். "அக்காவிட்டக் கேளுங்கோ. அவதான் பாத்தவ." தொலைபேசியை என் கையில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டான்.

நான் சொன்னேன். தென்னை உயரம் போனது என்றேன். தண்ணீர் வெள்ளை வால் போல நீண்டு, அதில் காலை வெயில் பட்டது என்றேன். உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகு தலை குனிந்து இறங்கியது என்றேன். புத்தகங்களில் படித்த எல்லா வானத்தையும் அந்தக் காலைக்குள் கொட்டினேன். அவர் அழுதுகொண்டே கேட்டார். "சரிஞ்சு போகேல்லையோ, தங்கச்சி?" "இல்லை அண்ணா." "அவ்வளவு நேரோ?" "ஓம் அண்ணா. அவ்வளவு நேர்."

அதற்குப் பிறகும் பெரியண்ணா சில வருடங்கள் இருந்தார். தன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்த ரொக்கெட் போன விதத்தைச் சொல்வாராம். நான் சொன்ன வார்த்தைகளிலேயே சொல்வாராம். அவருடைய மரணச் சடங்கிலும் யாரோ அதைச் சொன்னார்கள் என்று அண்ணி எழுதியிருந்தார்.

குகன் இந்தத் தொடரை வாசிப்பவன். வேலைத்தலத்தில், எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, வரிக்கு வரி விரல் வைத்து வாசிப்பான். ஊர்ப் பெயரோ மரப் பெயரோ பிழைத்தால் வந்து திருத்துவான். இதையும் வாசிப்பான். நான் அன்று வானத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதை இந்தப் பக்கத்தில் இருந்துதான் அவன் அறியப்போகிறான். நேரில் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடத்தில் ஆயிரம் தடவை வாயெடுத்தேன். இதை மட்டும் தனியாகச் சொல்ல என்னாலும் இயலவில்லை.

இன்று காலை, இதை எழுத உட்காருமுன், அலுமாரியின் மேல்தட்டில் இருந்து அந்த மட்டைக் குழாயைப் போத்தலோடு இறக்கினேன். மட்டை ஊறிக் காய்ந்து தோல் போலச் சுருங்கியிருக்கிறது. நீலக் கோடு மங்கிவிட்டது. பேதுரு அண்ணையின் கம்பியை, ஓரத்துத் துருவைத் தேய்த்துவிட்டு, மேல் குழலின் வாயில் வைத்து விட்டேன்.

முதல் குழலைக் கடந்தது. இரண்டாவதையும் கடந்து, மறுபக்கத்தால் வழுகி நிலத்தில் விழுந்தது.

குகன் வந்து கேட்டால், நான் கண்ணால் கண்டு சொல்லக்கூடியது இதுதான். எங்கும் தட்டவில்லை.